எண்ணுதலும் அறமே



எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கணக்கிடுதல் ஒன்று, நினைத்தல் மற்றொன்று. இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்தது தற்செயல் அன்று என்பது எம் துணிபு. நாம் யாரை நினைக்கின்றோமோ அவரையே எண்ணிப் பார்க்கின்றோம். பந்தியில் அமர்வோரை எண்ணி இலை போடும் இல்லாள், ஓர் இலை காலியாக இருப்பினும் "இன்னும் ஒருவர் வரவில்லையே" என்று வாயிலை நோக்குகின்றாள். எண்ணப்படாத ஒருவர் வாராதொழிந்தால் அது எவருக்கும் தெரிவதில்லை. அவர் பொருட்டு எவரும் வருந்துவதும் இல்லை.

இவ்வெளிய உண்மையை நம் சமயத்தின் தலையாய அறமாகிய கொல்லாமையோடு பொருத்திக் காண்பதே இவ்வுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொண்ட பொருள், நம் ஊர்ப்புறத்து வண்ணத்துப்பூச்சிகளையும் பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளையும் தொண்டு மனத்துடன் எண்ணிக் குறித்து, அவற்றின் காப்புக்கு உதவுதல் என்பதாகும். "பூச்சியை எண்ணுவதும் ஓர் அறமா?" என்று வியப்போர் சற்றே பொறுத்து மேலே படிக்குமாறு வேண்டுகின்றோம்.

கவனமின்மையே இம்சையின் வேர்

இம்சை என்பது யாது? உயிருக்கு ஊறு செய்தல் என்று எவரும் விடை கூறுவர். ஆயினும் உமாசுவாமி ஆசாரியர் தமது தத்துவார்த்த சூத்திரத்தில் இதற்கு இலக்கணம் வகுக்கும்போது, ஊறு செய்தலுக்கு முன்னதாகப் 'பிரமத்த யோகம்' என்பதனை வைத்தார். விழிப்பின்றி, பொறுப்பின்றி, விருப்பு வெறுப்புகளின் வயப்பட்டு மனமொழி மெய்கள் இயங்குவதே பிரமத்த யோகம். அதன் வழியாகப் பிற உயிரின் பிராணன்கள் நீங்குவது இம்சை. ஆகவே கத்தியை ஓங்கும் கை மட்டுமன்று, காணாமற் கடந்து போகும் கண்ணும் இம்சைக்கு இடந்தருவதே என்பது தெளிவு.

நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். நீரை வடிகட்டி அருந்தும் வழக்கமும், விறகைத் தட்டிப் பார்த்து அடுப்பில் இடும் வழக்கமும், முனிவர் அமருமிடத்தை மயிற்பீலியால் மெல்லத் தடவும் முறையும் இவ்விழிப்பின் வெளிப்பாடுகளே. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை நம் இல்லங்களின் அடையாளம். விளக்கொளிக்கு வரும் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடியலாகாது என்பது அதன் காரணங்களுள் ஒன்று. அவ்வாறு விளக்கை நாடி வருவனவற்றுள் அந்துப்பூச்சிகளும் உள. இரவுணவைத் துறந்து எத்தனையோ தலைமுறைகளாக நாம் அவற்றைக் காத்து வருகின்றோம். ஆனால் பட்டப்பகலில் நம் கண்ணெதிரே பறக்கும் அவற்றின் உறவினத்தை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

நம் ஆகமங்கள் வண்டினத்தை நாலறிவுயிர் என வகுக்கின்றன. தொல்காப்பிய மரபியலும் தும்பியை நாலறிவுயிராகவே கூறும். மெய், வாய், மூக்கு, கண் என்னும் நான்கு பொறிகளும், சொல்வலி, உடல்வலி, உயிர்ப்பு, ஆயுள் என்னும் நான்கும் சேர எட்டுப் பிராணன்கள் இவ்வுயிர்களுக்கு உண்டு என்பது சிராவகர் வீட்டுச் சிறுவரும் பாடசாலையில் கற்பது. வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் இவ்வகையினவே. எட்டுப் பிராணன்களின் பெயரை மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தை, அவ்வெட்டையும் தாங்கி எதிரே எருக்கஞ்செடியில் அமர்ந்திருக்கும் உயிரின் பெயரை அறியாதிருப்பது ஒரு குறை அன்றோ!

பகலில் உலவும் சிறகுடையார்

இந்தியாவில் 1,300-க்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உள்ளன. அவற்றுள் பல மலைக்காடுகளுக்கே உரியவை. 2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட 'தமிழ் மறவன்' அத்தகைய மலைவாழ் இனமே. ஆயினும் நம் ஊர்களின் வயல்வரப்பிலும், ஏரிக்கரையிலும், ஜினாலயத்து நந்தவனத்திலும் காணத்தக்கவை பல உள.

எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் ஆகியவற்றின் இளந்தளிரில் முட்டையிடும் 'எலுமிச்சை அழகி'யை முதலிற் கூறலாம். அதன் இளம்புழு பறவையின் எச்சம் போலத் தோன்றிப் பகையை ஏய்க்கும். வளர்ந்தபின் இலையின் பசுமையோடு பசுமையாக ஒன்றிவிடும். கறிவேப்பிலையில் வளரும் மற்றொன்று 'கறிவேப்பிலை அழகி'. எருக்கிலையை உண்டு வளர்வது 'வெந்தய வரியன்'. எருக்கின் நச்சுப்பாலே அதற்கு அரணாகிறது. ஆடுதீண்டாப்பாளை என்னும் கசப்புக்கொடியை உண்டு வளர்பவை 'ரோசா அழகி'யும் 'சிவப்புடல் அழகி'யும். ஆடும் தீண்டாத கொடியினை இவை தம் உணவாகக் கொண்டன. அக்கொடியின் நஞ்சு உடலிற் சேர்வதால் பறவைகள் இவற்றை விரும்புவதில்லை. இதனால் கறிவேப்பிலை அழகியின் பெண்பூச்சிகளுட் சில, நஞ்சில்லாத தாமும் இவற்றின் கோலத்தைப் பூண்டு உயிர் பிழைக்கின்றன.

இனி, பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகள். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குண்டூசித்தலை போலத் தடித்திருக்கும். அந்துப்பூச்சிக்கோ அது இறகு போலவோ நூல் போலவோ இருக்கும். இதுவே பொதுவாக இரண்டையும் பிரித்தறியும் வழி. பகலில் பறப்பதெல்லாம் வண்ணத்துப்பூச்சி, இரவில் பறப்பதெல்லாம் அந்துப்பூச்சி என்று நாம் எளிதாக வகுத்துக்கொண்ட வகைமை முற்றும் பொருந்துவதன்று. கரிய சிறகில் கண்ணாடிச் சாளரங்கள் போன்ற புள்ளிகளும், உடலில் மஞ்சட் பட்டைகளும் கொண்டு, புல்வெளியில் மெல்லப் பறக்கும் ஒருவகை அந்துப்பூச்சியைக் குளவி என்று கருதி நாம் துடைப்பத்தால் அடிக்கின்றோம். அதற்குக் கொடுக்கு இல்லை, கடிக்கவும் தெரியாது. வெண்சிறகில் செம்புள்ளியும் கரும்புள்ளியும் இட்ட சிறு அந்துப்பூச்சி ஒன்று, கிலுகிலுப்பைச் செடியையும் உழவர் தழையுரத்திற்கு விதைக்கும் சணப்பையையும் சார்ந்து வாழ்கின்றது. பூவின் முன் அந்தரத்தில் நின்று நீண்ட உறிஞ்சுகுழலால் தேனருந்தும் பருந்து அந்துப்பூச்சியைத் தேன்சிட்டு என்றே பலர் நினைப்பர்.

இவற்றையெல்லாம் நாம் விரித்துரைப்பது வியப்பூட்டுதற்கு அன்று. மேற்கூறிய ஒவ்வோர் உயிரும் ஒரு சில செடிகளையே நம்பியுள்ளது என்பதைக் காட்டுதற்கே. எருக்கை வெட்டினால் வெந்தய வரியனுக்கு மாற்று உணவு எளிதிற் கிட்டாது. ஆடுதீண்டாப்பாளையைக் களையென்று பிடுங்கினால் சிவப்புடல் அழகி அவ்விடத்தை விட்டு நீங்கும். நாம் பூச்சியைத் தொடவே இல்லை. ஆயினும் அது இல்லாமற் போயிற்று. இத்தகைய இழப்பு ஓசையின்றி நிகழ்வது. எண்ணுவோர் இருந்தாலன்றி வெளிப்படாதது.

எண்ணியதால் வெளிப்பட்ட உண்மை

எண்ணுதலால் யாது பயன் என்பதற்கு இங்கிலாந்து நாட்டின் அனுபவம் தக்க சான்று. அங்கு எர்னஸ்ட் பொல்லார்ட் என்னும் அறிவியலார் 1970-களில் ஓர் எளிய முறையை வகுத்தார். ஒரு குறிப்பிட்ட பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை, வெயிலும் இதமான காற்றும் உள்ள வேளையில், அதே பாதையில் ஒரே சீராக நடக்க வேண்டும். முன்னால் 5 மீட்டர், இருமருங்கும் இரண்டரை மீட்டர் என்னும் எல்லைக்குள் தென்படும் வண்ணத்துப்பூச்சிகளை மட்டும் இனவாரியாக எண்ணிக் குறிக்க வேண்டும். இவ்வளவே. இம்முறையைக் கொண்டு 1976-ஆம் ஆண்டில் அந்நாடு தழுவிய கண்காணிப்புத் திட்டம் தொடங்கிற்று. நடந்து எண்ணியோருள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத பொதுமக்கள்.

பின்னர் 2010-ஆம் ஆண்டு முதல், அங்குள்ள வண்ணத்துப்பூச்சிக் காப்பு அமைப்பு இன்னும் எளிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தலாயிற்று. கோடையில் ஒருநாள், 15 நிமிடங்கள், தத்தம் தோட்டத்திலோ பூங்காவிலோ இருந்து, குறிப்பிட்ட வண்ணத்துப்பூச்சிகளையும் பகலில் பறக்கும் சில அந்துப்பூச்சிகளையும் எண்ணி அனுப்புதல் அதன் முறை. சிறுவரும் முதியோரும் பள்ளிகளும் இதிற் பங்கு கொள்கின்றனர். 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 85,000-க்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். ஒரு கணக்கிற்குச் சராசரியாக 7 பூச்சிகளே தென்பட்டன. முந்தைய ஆண்டிலோ அது 12. அக்கணக்கெடுப்பின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த அளவு அது. ஈரம் மிகுந்த இளவேனிலும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. உடனே அவ்வமைப்பு வண்ணத்துப்பூச்சிகளுக்கு நெருக்கடி நேர்ந்துள்ளதென அறிவித்து, தீங்கு மிகுந்த பூச்சிகொல்லிகளைத் தடைசெய்யுமாறு அரசை வேண்டிற்று. நீண்டகாலக் கணக்குகளைத் தொகுத்து 2022-இல் வெளிவந்த அறிக்கை, 1970-களிலிருந்து அந்நாட்டு வண்ணத்துப்பூச்சி இனங்களுள் 80 விழுக்காடு எண்ணிக்கையிலோ பரவலிலோ இரண்டிலுமோ குறைந்துள்ளதை உணர்த்தியது.

1976-இல் எண்ணத் தொடங்கியிராவிடில், 2022-இல் குறைந்ததென்று எவர் கூறுதல் இயலும்? "முன்பெல்லாம் நிறைய இருந்தன" என்று முதியோர் சொல்வர். "உங்களுக்கு எல்லாமே முன்பு நன்றாகத்தான் இருந்தது" என்று இளையோர் நகைப்பர். குறிப்பேடு இருந்தாலன்றோ உண்மை நிலைக்கும்?

நம் நாட்டிலும் இப்பணி தொடங்கிவிட்டது. 2020-ஆம் ஆண்டில் செப்டம்பர் திங்களைப் பெருவண்ணத்துப்பூச்சித் திங்கள் என வகுத்து, நாடெங்குமுள்ள ஆர்வலர் எண்ணிப் பதியத் தொடங்கினர். கோயம்புத்தூர்ப் பகுதியைச் சார்ந்த தொண்டர்கள், நீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் கிழக்குத் தொடர் மலைகளுக்கும் மேற்குத் தொடர் மலைகளுக்கும் இடையே கூட்டங்கூட்டமாக வலசை போவதனைப் பல்லாண்டுகளாகக் குறித்து வருகின்றனர். திருச்சிராப்பள்ளியை அடுத்த மேலூரில் 2015-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, சிறுவருக்கு இவற்றை நேரிற் காணும் வாய்ப்பைத் தருகின்றது. ஆயினும் நம் மக்கள் மிகுதியாக வாழும் வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களின் வரப்பையும் ஏரிக்கரையையும் அங்கு வாழ்வோரே எண்ண வேண்டும். பிறர் வந்து வாரந்தோறும் எண்ணுதல் அரிது.

எண்ணும் நடையும் முனிவர் நடையும்

மேற்கூறிய நடைமுறையைப் படித்தபோது எமக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஈர்யாசமிதி. நம் முனிவர் பெருமக்கள் நடக்குங்கால் பகலொளியில் மட்டுமே நடப்பர். நான்கு முழத் தொலைவு முன்னே நிலத்தை நோக்கி, எவ்வுயிரும் மிதிபடாதவாறு ஒரே சீராக அடியெடுத்து வைப்பர். பூச்சியை எண்ணுவோரும் பகலொளியில், ஓர் எல்லைக்குள் நோக்கி, ஒரே சீராக நடக்கின்றனர். முனிவர் நோக்குவது வினை வாராமல் தடுத்து வீடுபேறு எய்துதற்கு. இவர் நோக்குவது உயிர்களின் நலன் அறிதற்கு. இரண்டும் ஒன்றெனக் கூறுதல் மிகையாகும். அங்ஙனம் யாம் கூறோம். ஆயினும் வாரத்தில் அரைமணி நேரம் விழிப்போடு நடக்கப் பழகும் இல்லறத்தார், முனிவரின் ஒவ்வோர் அடியும் எத்துணை அரிய தவம் என்பதை ஓரளவேனும் உணர்வர்.

மேலும் இப்பணியில் நம் அணுவிரதங்கள் ஒவ்வொன்றும் பயிற்சி பெறுவதைக் காணலாம். முற்காலத்து ஆய்வாளர் பூச்சிகளை வலைவீசிப் பிடித்து, நச்சுப்புட்டியில் இட்டுக் கொன்று, ஊசியிற் குத்திப் பேழையில் அடுக்கினர். அத்தகைய பணிக்குச் சமணர் எவரையும் யாம் அழையோம். இன்றைய எண்ணுநடையில் கண்ணே கருவி. பிடித்தலும் இல்லை, தொடுதலும் இல்லை. ஐயமெனில் தொலைவில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். இது கொல்லாமை.

கண்டதைக் கண்டவாறு எழுத வேண்டும். மூன்றைக் கண்டு ஐந்தென்று எழுதலாகாது. இனம் தெரியவில்லையெனில் 'தெரியவில்லை' என்றே குறிக்க வேண்டும். ஒன்றும் தென்படாத நாளில் சுழியம் என எழுத வேண்டும். சுழியம் எழுத மனம் வருவதில்லை. "இன்று வீணாயிற்று, விட்டுவிடுவோம்" என்று தோன்றும். ஆனால் அச்சுழியமே சில வேளைகளில் ஏடு முழுவதிலும் பெரிய செய்தியாகும். இது பொய்யாமை.

அழகிய சிறகு எனக்கு வேண்டும் என்னும் எண்ணத்தை விடுத்து, அது தன் வழியே பறக்கக் கண்டு மனநிறைவு கொள்ளல் மிகுபொருள் விரும்பாமை. "வண்ணங்களைக் கண்டு மயங்குதல் பற்றை வளர்க்குமே" என்று சிலர் ஐயுறலாம். தக்க ஐயமே. ஆயின் எண்ணுவோர் வண்ணச்சிறகை மட்டும் எண்ணுவதில்லை. மங்கிய அந்துப்பூச்சியையும் அதே வரிசையில் எழுதுகின்றனர். மயிர் சிலிர்த்த புழுவையும் அருவருப்பின்றி நோக்குகின்றனர். அழகியது என்று மகிழ்ந்து ஒன்றைக் காப்பதும், அழகற்றது என்று மற்றொன்றைத் துடைப்பத்தால் அடிப்பதும் பற்றும் வெறுப்பும் ஆகும். இரண்டையும் ஓர் உயிர் ஓர் உயிர் என எண்ணுவது சமநோக்கு.

ஈண்டுத் தாய்மார்களுக்கு ஒரு சொல். பட்டுநூல் தரும் புழுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவே. கூட்டினுள் உறங்கும் உயிரைச் சிறகு முளைக்குமுன் வெந்நீரிலும் நீராவியிலும் மாய்த்தே அந்நூல் எடுக்கப்படுகின்றது. தோட்டத்தில் ஒரு கூட்டுப்புழு பிளந்து, ஈரச்சிறகு விரிந்து, உலர்ந்து, முதன்முதலாகப் பறப்பதை ஒருமுறை கண்ட பெண், திருமணத்திற்கு எத்தகைய புடைவை எடுப்பது என்பதைத் தானே முடிவு செய்துகொள்வாள். யாம் கட்டளையிட வேண்டுவதில்லை.

வயலும் விரதமும்

இனி, இவ்வுரையின் உயிர்நிலையான பகுதிக்கு வருவோம். நம்மவர் பலர் உழவர். உழவும் விரதமும் ஒருங்கே நடத்துவது எத்துணை இடர் மிக்கது என்பதை நாம் அறிவோம்.

எம் ஊர் ஜினாலயத்து நந்தவனம் முதல் ஏரிக்கரை வரையுள்ள வரப்புப் பாதையில், பாடசாலைப் பிள்ளைகள் சிலரோடு வாரந்தோறும் எண்ணி வருகின்றோம். ஒருமுறை தொடர்ந்து மூன்று வாரம் அப்பாதையின் நடுப்பகுதிக்கு நேரே சுழியமே எழுத நேர்ந்தது. வெயிலுக்குக் குறைவில்லை, பூவுக்கும் குறைவில்லை. எருக்கிலையில் வெந்தய வரியனின் புழுக்கள் கருகிக் கிடந்தன. அருகிலுள்ள வயலில் மருந்து தெளித்திருந்தனர். காற்று அதனை வரப்புக்குக் கொண்டு சேர்த்திருந்தது.

வயலுக்கு உரியவர் நம்மவரே. நாள்தோறும் ஜினதரிசனம் செய்யாமல் உண்ணாதவர். இரவில் நீரும் அருந்தாதவர். பிள்ளைகள் குறிப்பேட்டை அவரிடம் காட்டியபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "டீச்சரம்மா, பயிரைத் தின்னும் புழுவைத்தான் நான் நினைத்தேன். வரப்பில் இத்தனை உயிர் இருப்பதை எனக்கு யாரும் சொன்னதில்லையே" என்றார். அவர் குரலில் சினம் இல்லை, துயரமே இருந்தது.

அவரைக் குறைகூறுதல் எளிது, ஆனால் முறையன்று. இம்சையை நம் ஆசாரியர்கள் நால்வகையாகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்றே கருதிச் செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லப்பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோத இம்சை. முதலாவதை இல்லறத்தார் அறவே விடவேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற அளவு விழிப்போடு குறைத்துக்கொள்ள வேண்டும். நாளெல்லாம் உழுது பல உயிர் மாயக் காரணமான உழவனையும், நாளெல்லாம் தூண்டிலிட்டு ஒரு மீனும் பெறாத மீனவனையும் ஒப்பிட்டு, கொல்லும் கருத்தினாலேயே தீவினை மிகும் என்று நம் முன்னோர் விளக்கிய உவமையையும் நாம் கேட்டிருக்கின்றோம்.

இவ்வுவமை உழவர்க்கு ஆறுதல் தருவது. ஆனால் அதனை நாம் போர்வையாக்கிக்கொள்ளலாகாது. பயிரைத் தின்னும் புழுவை நோக்கித் தெளிப்பதை உத்தியோக இம்சை என்று ஒருவாறு கொள்ளலாம். அதிலும் கொல்லும் கருத்துக் கலந்துள்ளதை மறைத்தல் இயலாது. அது கிடக்க, வரப்பில் நின்ற எருக்கில், ஒரு நெற்கதிரையும் தீண்டாமல், தனக்கென அமைந்த கசப்பிலையை உண்டுகொண்டிருந்த வெந்தய வரியனின் புழு எந்தக் கணக்கிற் சேரும்? அதனைக் கொல்ல எவரும் கருதவில்லை. அதனைக் கொன்றதால் எவர்க்கும் ஒரு மணி நெல்லும் கூடவில்லை. அது மடிந்தது ஒரே காரணத்தால்: அது அங்கிருப்பதை எவரும் எண்ணவில்லை. உமாசுவாமி ஆசாரியர் பிரமத்த யோகம் என்று முன்வைத்த சொல்லின் முழுப்பொருளும் அக்கருகிய புழுவில் அடங்கியிருப்பதாக எமக்குத் தோன்றிற்று.

அந்த உழவர் அன்றுமுதல் மருந்தையே தொடவில்லை என்று யாம் மிகைப்படுத்தோம். அவர்க்குக் கடன் உண்டு. பிள்ளைகளின் படிப்பு உண்டு. ஆயினும் வரப்பையொட்டி ஓர் ஏர்ச்சால் அகலம் தெளிக்காமல் விடத் தொடங்கினார். காற்று வீசும் வேளையிலும் பூக்களில் பூச்சிகள் மொய்க்கும் முற்பகலிலும் தெளிப்பதைத் தவிர்த்தார். புழு கண்டவுடன் தெளிக்கும் பழக்கத்தை விட்டு, சேதம் எவ்வளவு என்று முதலில் செடிசெடியாகப் பார்க்கின்றார். வேப்பங்கொட்டைக் கரைசலை முதலிற் பயன்படுத்துகின்றார். அதுவும் புழுவைத் தடுப்பதே. முற்றும் இம்சையற்றது என்று கூறற்கில்லை. எனினும் இம்சையின் அளவு குறைகின்றது. அடுத்த பருவத்தில் அப்பாதையின் நடுப்பகுதிக்கு நேரே பிள்ளைகள் மீண்டும் 'ஒன்று' என்று எழுதினர். அந்த ஒன்றைக் காண அவரும் வரப்புக்கு வந்து நின்றார்.

இதுவே எண்ணுதலின் பயன். எண்ணுதல் தானே ஓர் உயிரையும் காத்துவிடாது. ஆனால் நம் கொல்லாமை எவ்விடத்தில் ஓட்டையாக உள்ளது என்பதனை அது காட்டும். நாள்தோறும் நம் குற்றங்களை நினைந்து வருந்தும் பிரதிக்கிரமணம் அகத்தின் ஓட்டைகளைக் காட்டுவது போல, இக்குறிப்பேடு புறத்தின் ஓட்டைகளைக் காட்டும். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் ஒழுக்கம் மூன்றாவதாக நிற்பதை நோக்குக. கண்டு, அறிந்து, அதன்பின் ஒழுகுவதே முறை. அறியாத உயிரிடத்து அருள் செலுத்துதல் யாங்ஙனம்?

நாம் செய்யத்தக்கன

இப்பணியை மேற்கொள்ள விழைவோர்க்குச் சில குறிப்புகளைக் கூறி நிறைவு செய்கின்றோம்.

ஜினாலயத்து நந்தவனம், வீட்டுத் தோட்டம், வரப்பு, ஏரிக்கரை, மலையடிவாரம் இவற்றுள் எளிதில் நடக்கத்தக்க ஒரு பாதையைத் தேர்ந்துகொள்க. அப்பாதையை மாற்றற்க. வாரம் ஒருமுறை, மழையும் பெருங்காற்றும் இல்லாத நாளில், காலை ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே அரைமணி நேரம் நடக்க. நாள், நேரம், வெயில், காற்று ஆகியவற்றை முதலில் எழுதுக. பின்னர்க் கண்ட இனத்தையும் எண்ணிக்கையையும் எழுதுக. தொடக்கத்தில் ஐந்தாறு இனங்களை அறிந்திருந்தால் போதும். ஏனையவற்றை 'வெள்ளை', 'சிறு மஞ்சள்', 'பகல் அந்துப்பூச்சி' என்று எழுதிவைத்துப் பின்னர்த் தெளிந்துகொள்ளலாம். படம் எடுத்தவர்கள் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பதிவுத்தளங்களில் ஏற்றினால், அறிந்தோர் இனத்தைத் தெளிவிப்பர்; அப்பதிவு ஆய்வாளர்க்கும் பயன்படும். வலைவீசிப் பிடித்தலை எக்காரணத்தாலும் செய்யற்க. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பல வண்ணத்துப்பூச்சி இனங்களுக்குக் காப்பளிக்கின்றது.

ஜினாலயங்களின் பொறுப்பாளர்க்கு ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கு முன் மதிலோரத்தைத் தூய்மை செய்யும்போது எருக்கு, ஆடுதீண்டாப்பாளை, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளை ஒரு மூலையிலேனும் விட்டுவைக்கலாகாதா? நந்தவனத்தில் களைக்கொல்லி தெளிப்பதை நிறுத்தலாகாதா? கொல்லாமையைப் போதித்த பெருமானின் கோயில் வளாகத்தில் சிற்றுயிர்க்கு ஒரு முழ நிலம் அடைக்கலமாகக் கிடைப்பது நம் சமயத்திற்குப் பெருமையே ஆகும்.

தருமப் பாடசாலை ஆசிரியர்க்கும் ஒரு சொல். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்னும் நான்கு நிலைகளையும் கரும்பலகையில் கட்டங்கட்டி வரையும் பிள்ளைகள் பல்லாயிரவரை எம் ஆசிரியப் பணிக்காலத்தில் கண்டோம். அம்முட்டையை இலையின் அடியில் கண்ணாற் கண்டவர் வகுப்புக்கு ஒருவர் இருப்பின் அரிது. பிள்ளைகளைக் கறிவேப்பிலைச் செடியருகே அழைத்துச் சென்று தளிரைத் திருப்பிக் காட்டுக. அன்றைய கொல்லாமைப் பாடம் அவ்விடத்திலேயே நடைபெற்று முடிந்துவிடும்.

தசலட்சணப் பருவம் ஆவணி புரட்டாசித் திங்களையொட்டி வருவது. நாட்டு மக்கள் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணும் செப்டம்பரும் அவ்வேளையை ஒட்டியதே. பொறையும் மென்மையும் நேர்மையும் வாய்மையும் பயிலும் அப்பத்து நாட்களில், வழிபாடு முடிந்தபின் ஒருநாள் காலையேனும் குடும்பத்தோடு அரைமணி நேரம் எண்ணி நடந்து பார்ப்போம். முதியோர் நிழலில் அமர்ந்து எழுதலாம்; இளையோர் நடந்து சொல்லலாம். இதற்குப் பொருட்செலவு இல்லை. வேண்டுவது ஓர் ஏடும் ஓர் எழுதுகோலும் விழிப்புடைய கண்ணுமே.

உயிர்கள் ஒன்றற்கொன்று துணையாதல் இயல்பு என்பது நம் சமயக் கொள்கை. பூச்சி பூவுக்குத் துணை. பூ கனிக்கும் விதைக்கும் துணை. அவை நமக்குத் துணை. அவற்றிற்கு நாம் துணையாவது எப்போது? முதலில் அவற்றை எண்ணுவோம். எண்ணிய உயிரை மறத்தல் அரிது. மறவாத உயிருக்கு ஊறு செய்தல் அதனினும் அரிது.

வாழ்க அருகன் அறம்! வளர்க கொல்லாமை!